செபஸ்தியான் பாஸ் வைக்காத பொட்டு

கொட்பே மீன்பிடித் துறையில் பெட்டிகளுக்கு ஐஸ் அடித்துக்கொண்டிருந்தபோது கிண்ணியா நசார் போன் எடுத்தான். அவனும் என்னைப் போல மீன் ஏற்றி வெளியூருக்கு ஓடுகிறவன். வழக்கமாக அவன் எடுத்தால் முதலில் பத்து நிமிடம் ஊர்க்கதை, பிறகுதான் விஷயம். அன்று நேரே சொன்னான். "கனகண்ணே, செபஸ்தியான் பாஸ் மௌத்தாகிட்டாராம். காலம ஆஸ்பத்திரியிலயாம்." நான் "ஓம்" என்று மட்டும் சொன்னேன். மிச்சப் பெட்டிகளுக்கும் ஐஸ் அடித்து முடித்தேன். அழுகை வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். இனி அந்த மனிதனின் முகத்தைப் பார்த்து ஒன்றையும் சொல்லத் தேவையில்லை என்ற ஆறுதல்.

செத்த வீடு முடிந்து ஒரு கிழமையில் அவருடைய மகள் றெஜினா என்னிடம் வந்தாள். "மாமா, முப்பத்தோராம் நாள் பூசைக்கு நினைவு மலர் அடிக்கிறம். நீங்கள்தான் அப்பாவோட கூடப் பழகின ஆள். அவர் வண்டி திருத்தின கராச்சைப் பற்றி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றாள். எனக்குக் கொஞ்சம் எழுத வரும் என்று ஊரில் ஒரு பெயர் இருப்பதால், இப்படிப்பட்ட மலர்களுக்கு ஐந்தாறு தடவை எழுதியிருக்கிறேன். அவற்றில் வரும் எல்லோரும் புன்சிரிப்பு மாறாதவர்கள், இனிய சொல் தவிர வேறு பேசாதவர்கள். செபஸ்தியான் பாஸை அறிந்த உங்களிடம் அந்தப் பொய் எடுபடாது. அவர் சிரித்ததை எண்ணிச் சொல்லலாம். வாயைத் திறந்தால் வண்டிக்காரன் மானம் போகும்.

ஆனால் நான் எழுத ஒப்புக்கொண்டது அவருடைய வாயைப் பற்றிச் சொல்ல அல்ல. கடைசி ஆறு வருடமும் அவர் ஒரு பிழையைத் தன் பிழை என்று நம்பி அதைத் தலையில் சுமந்துகொண்டு திரிந்தார். நீங்களும் அப்படித்தான் நம்பினீர்கள், அவருடைய மகளும் நம்பினாள். அந்தப் பிழையைச் செய்தவன் நான். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுத எனக்கு உரிமையில்லை.

என்னுடைய பிக்கப்பை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் கல்யாணத்துக்கும் மூத்த டீசல் வண்டி. தட்டையான றோட்டில் குறை சொல்ல ஏலாது. நாவுல தாண்டி மாத்தளைப் பக்கம் ஏற்றம் தொடங்கினால் மீன் பெட்டிகளோடு இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு போகும். புது வண்டிக்காரர்கள் ஹோன் அடித்துக்கொண்டு முந்திப் போவார்கள். கண்டியில் முதலில் போய்ச் சேர்கிறவனின் மீனைத்தான் எடுப்பார்கள். பிந்திப் போகிறவன் கெஞ்ச வேண்டும். இரண்டு மழைக்காலம் கெஞ்சிப் பார்த்துவிட்டு, கொழும்பில் ஒரு பழைய உதிரிப்பாகக் கடையில் டர்போ ஒன்றை வாங்கிச் சாக்கில் சுற்றிக்கொண்டு பாலையூற்றில் இருந்த பாஸின் கராச்சுக்குப் போனேன்.

அவர் சாக்கை அவிழ்த்து, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஆற்ற எஞ்சினுக்கு?"

"எங்கட பிக்கப்புக்குத்தான் பாஸ்."

"உங்கட பிக்கப்பைக் கேட்டனீங்களோ?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கோ, வேறு இடம் பார்க்கிறேன் என்றேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "எஞ்சினுக்குப் பலம் குடுக்கிறது எண்டா சூடு குடுக்கிறது, தம்பி. அந்தச் சூட்டை எங்க கொண்டுபோய் வைக்கப் போறியள் எண்டு முதல் சொல்லுங்கோ. பிறகு பலத்தைப் பற்றிக் கதைப்பம்." இதை அவர் உங்களில் பலருக்கும் சொல்லியிருப்பார்.

அவருடைய அந்த வழக்கமும் உங்களுக்குத் தெரியும். வண்டிக்கு இழுவை கூட்டித் தரச் சொல்லி யார் வந்தாலும், அவனைப் பின்பெட்டியில் ஏற்றித் தான் ஓட்டுவார். என்னையும் ஏற்றினார். மீன் பெட்டிகளின் கனத்துக்குச் சரியாக மணல் மூட்டைகளை அடுக்கி, அவற்றின் மேல் என்னை இருத்தி, உவர்மலையில் ஏறி, உச்சியிலிருந்து இறங்கினார். பாதி இறக்கத்தில் பிறேக்கை மிதித்தார். வண்டி நின்றது, ஆனால் அவர் நிறுத்த நினைத்த இடத்தில் அல்ல. நான் முன்கூட்டின் தகட்டோடு முகத்தை அடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தபடி கிடந்தேன். அவர் இறங்கி வந்து, "ஏறுற அவசரம்தான் உங்களுக்கு. இறங்கேக்க நிக்காத வண்டிக்கு டர்போ பூட்டித் தந்தா, உங்கட பெண்சாதிக்கு நான் என்ன பதில் சொல்லுறது?" என்றார். என் உதட்டில் இரத்தம். அதைப் பார்த்துத் தன் சட்டைப் பையிலிருந்த துணியைத் தந்தார். அது கிறீஸ் துணி.

பிறகு அவர் சொன்ன ஒழுங்கில்தான் எல்லாம் நடந்தது. முதலில் பிறேக். புதிய மாடல் ஒன்றிலிருந்து கழற்றியதை முன்சில்லுகளுக்குப் பூட்டினார். அடுத்தது தண்ணீர். சின்ன லொறி ஒன்றின் றேடியேற்றரை வெட்டி ஒட்டி உள்ளே இருத்தினார், அதற்கு மட்டும் எட்டு நாள். அதன் பிறகு எஞ்சின் மூச்சு விட வழி வேண்டும் என்று காற்று வடியையும் சைலன்சர் குழாயையும் பெரிதாக்கினார். இஞ்செக்டர் நுனிகளைப் புதிதாகப் போட்டார். எல்லாம் முடிந்த பிறகுதான் டீசல் பம்ப்பில் கை வைத்தார். எவ்வளவு எண்ணெய் உள்ளே போக வேண்டும் என்று அளக்கிற ஒரு திருகாணி அதில் இருக்கிறது. அதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினார். வெளியே போய்ப் புகையைப் பார்த்தார், வந்து ஒரு மயிரிழை திரும்பக் குறைத்தார். அரைநாள் இப்படியே போனது. டர்போவைத் தொடவேயில்லை. "நல்ல சாமான். வேற எஞ்சினுக்கு. இந்த எஞ்சின்ர பிஸ்டன் அந்தச் சூட்டுக்குச் செய்ததில்ல" என்று சாக்கோடு திருப்பித் தந்தார்.

கடைசியில் அந்தத் திருகாணியின் தலையில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தார். அவர் மனைவி ஸ்ரெல்லா அக்காவின் நகப்பூச்சுதான். திருகாணியை யாராவது அசைத்தால் காய்ந்த பூச்சு வெடித்துக் காட்டிக் கொடுத்துவிடும். "ஞானஸ்நானம் குடுத்தாச்சு. இனி ஆரும் தொடப்படாது" என்பார். பழைய வண்டி விற்கிறவர்கள் "பாஸின்ர பொட்டு இருக்கு" என்று சொல்லி விற்ற காலம் அது. அக்கா தேத்தண்ணீரோடு வந்து, "நான் நகத்துக்குப் பூசினதை விட இந்த மனுசன் வண்டிக்குப் பூசினதுதான் கூட. கோயிலுக்கு வெறும் விரலோடதான் போறனான்" என்று ஏசுவார். ஏசிவிட்டு என்னையும் சாப்பிட வைத்துத்தான் அனுப்புவார். அந்த வீட்டு நண்டுக் கறிக்கு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் தவறியதில்லை.

வண்டி அதன் பிறகு அந்த ஏற்றத்தில் மூன்றாம் கியரில் ஏறியது. ஒரு வருடம் நான் சந்தோஷமாக இருந்தேன். ஒரு வருடம்தான். கந்தளாயில் நாங்கள் தேத்தண்ணிக்கு நிறுத்துகிற கடையில் புது வண்டிக்காரர்களின் கேலி குறையவில்லை. "தள்ளுறதுக்கு ஆள் வேணுமோ அண்ணே?" என்பார்கள். சொல்லிவிட்டு என்னை முந்திப் போவார்கள். எனக்கு மூக்கின் மேல் கோபம் வருகிற சுபாவம், அது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருநாள் வழியில் ஒரு கராச்சில் நிறுத்தினேன். ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். அவனில் பிழையில்லை, நான் கேட்டதைத்தான் செய்தான். ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஐந்து நிமிடம், ஒன்றரைச் சுற்று. சிவப்புத் தூள் உதிர்ந்து எஞ்சின் மேல் விழுந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

அன்று அந்த ஏற்றத்தில் இரண்டு புது வண்டிகளை முந்தினேன். பின்னால் றோட்டே தெரியாத கறுப்புப் புகை. வாய்விட்டுச் சிரித்தேன் என்று எழுதவும் வெட்கமாக இருக்கிறது. திரும்பி வருகிற வழியில் ஒரு பான்சிக் கடையில் இறங்கி அதே சிவப்பில் நகப்பூச்சு வாங்கினேன். கடைப் பிள்ளை ஆருக்கு என்று கேட்க, மனுசிக்கு என்றேன். வீட்டில் யாரும் பார்க்காத நேரம் பார்த்து, பொனற்றைத் திறந்து திருகாணியின் தலையில் பொட்டு வைத்தேன். பாஸ் வைத்தது போலவே இருந்தது. அவர் ஏசுவார் என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தேன். ஐம்பது வயது மனிதன், ஏச்சுக்குப் பயந்து.

எட்டு மாதம் அப்படி ஓடினேன். அதற்குள் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஏற்றத்தில் புகை மிகவும் கறுத்தால் காலைத் தளர்த்திக் கொஞ்சம் ஆறவிட்டுப் பிறகு மிதிப்பேன். பாஸ் போட்ட பெரிய றேடியேற்றர் தண்ணீரைச் சூடேற விடவில்லை. மீற்றர் முள் நடுவிலேயே நின்றது. பிஸ்டனின் சூட்டை அந்த முள் காட்டாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார்.

அந்த நேரத்தில்தான் ஸ்ரெல்லா அக்காவுக்கு மார்பில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். கண்டியில் சத்திரசிகிச்சை, அதற்கு ஒரு திகதி கொடுத்திருந்தார்கள். பாஸின் சொந்த வான் எந்தக் காலத்தில் முழுதாக நின்றது? அப்போதும் அது நான்கு கட்டையில் நின்றது. "தம்பி, உங்கட பிக்கப்பை ஒரு நாளைக்குத் தாங்கோ. வேற வண்டியில அவவை ஏத்த எனக்கு மனமில்ல. இது நான் செய்து வச்ச வண்டி, இதின்ர ஒவ்வொரு ஆணியும் எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்க நினைத்தேன் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பின்பெட்டியில் பாரம் இல்லை, இரண்டு பேர்தான், ஒன்றும் நடக்காது என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். வண்டியின் திறப்பை எடுத்துக் கையில் கொடுத்தேன். ஏற்றத்தில் காலைத் தளர்த்தி ஓட்டுங்கள் என்று ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்.

ஹபரணைப் பக்கம் றோட்டு வேலை நடந்து அவர்கள் பிந்திவிட்டார்கள். அக்காவுக்கு நோவு. பாஸ் அழுத்தி மிதித்தார். அந்த எஞ்சின் எவ்வளவு தாங்கும் என்று தனக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் மிதித்தார், ஏனென்றால் அதைச் செய்து வைத்தவர் அவர்தானே. நான் எட்டு மாதம் மீனோடு வாட்டிய பிஸ்டன் அவருடைய காலுக்குக் கீழே உடைந்தது. மரமும் நிழலுமில்லாத இடத்தில் நின்றார்கள். பஸ்ஸில் அக்காவால் இருக்க ஏலாது. வான் ஒன்று கிடைத்து ஏறிப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நேரம் முடிந்துவிட்டது. அங்கேயிருந்தவர்களில் பிழையில்லை, அவர்களுக்கு வரிசையில் எத்தனையோ பேர். ஏழு கிழமை தள்ளி வேறு திகதி கொடுத்தார்கள். ஏழு கிழமை கழித்து வெட்டித் திறந்தபோது கட்டி அக்குளுக்கும் பரவியிருந்தது. அக்கா அடுத்த வருடம் போய்விட்டார். முதல் திகதியில் செய்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்று ஒரு டாக்டர் சொன்னார். இல்லை என்று இன்னொருவர் சொன்னார். எனக்கு எது உண்மையென்று தெரியாது, பாஸுக்கும் தெரியாது. ஆனால் அவர் தனக்குப் பாதகமானதையே நம்பினார்.

வண்டியை லொறியில் ஏற்றி வந்து, என்னையும் வைத்துக்கொண்டுதான் எஞ்சினை அவிழ்த்தார். பிஸ்டனில் விரல் போகிற அளவு ஓட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு, பம்ப்பைக் குனிந்து பார்த்தார். பொட்டு வெடிக்காமல் இருந்தது. அதைத் தானே உடைத்துத் திருகாணியைத் திருப்பி எண்ணினார். முதலில் ஒரு தரம், பிறகு இன்னொரு தரம். ஒன்றரைச் சுற்று அதிகம். அவர் நிலத்தில், எண்ணெய்க்குள், அப்படியே இருந்துவிட்டார்.

"பொட்டு நான் வச்சபடி கிடக்கு. அப்ப என்ர கைதான் பிழைச்சிருக்கு."

நான் அவருக்கு எதிரே நின்றேன். இரண்டடி தூரம்.

"என்ர கைக்கு என்ன நடந்தது தம்பி? ஒண்டரைச் சுத்து. குருடனும் விடமாட்டான்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "உங்கட வண்டியையும் நாசமாக்கிப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவாயில்ல பாஸ்" என்றேன் நான்.

இன்னொருவன் சிவப்புப் பூச்சு வாங்கி அவருடைய பொட்டைப் போலவே வைத்திருப்பான் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. இத்தனை வாயும் சந்தேகமும் உள்ள மனிதனுக்கு அது தோன்றவில்லை. வேறு யாராவது என்றால் தோன்றியிருக்கும், வந்து நின்றவன் நானாக இருந்தபடியால் தோன்றவில்லை. கூலி வாங்காமல் எஞ்சினைக் கட்டித் தந்தார். பம்ப்பை மட்டும் வேறு ஒருவரிடம் கொடுத்து அளக்கச் சொன்னார்.

அதன் பிறகு அவர் எந்த வண்டியின் பம்ப்பையும் தொடவில்லை. உங்களில் பலர் இழுவை கூட்டித் தரச் சொல்லிப் போய்த் திரும்பி வந்திருக்கிறீர்கள். "பிறேக் பாப்பன், சில்லு பாப்பன். மற்றது என்னட்டக் கேக்காதேங்கோ" என்று சொல்லிவிடுவார். பாஸுக்கு வயசு போய்விட்டது, கை தளர்ந்துவிட்டது என்று கந்தளாய்த் தேத்தண்ணிக் கடையில் கதைத்தார்கள். நான் அந்த மேசையில் இருந்து தலையாட்டியிருக்கிறேன். அக்காவின் செத்த வீட்டில் றெஜினா தகப்பனைப் பார்த்து, "அண்டைக்கு ஒரு வாடகை வான் பிடிச்சிருக்க ஏலாதோ? உங்கட கெட்டித்தனம்தான் அம்மாவைக் கொண்டது" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டாள். அவர் தலையைக் குனிந்து, "ஓம் பிள்ளை" என்றார். நான் அப்போது பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவள் மட்டக்களப்பில் வேலையோடு இருந்துவிட்டாள். நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு நாள் வருவாள், சமைத்து வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

அவர் சாவதற்கு இரண்டு கிழமை முன், சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகம் கெட்டு முகம் வீங்கியிருந்தது. நான் கதிரையை இழுத்துப் போட்டு வாயைத் திறக்க முன், "இப்ப ஏத்தத்தில எப்பிடித் தம்பி? சூடாகுதோ?" என்று கேட்டார். "இல்ல பாஸ், நல்லா இழுக்குது" என்றேன். "பம்ப் அளந்தவன் நல்லாத்தான் அளந்திருக்கிறான்" என்று சொல்லிக் கண்ணை மூடினார். நான் எழுந்து கீழே வந்து கன்ரீனில் இரண்டு றோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். அடுத்த கிழமை வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை மீன் நன்றாகப் பட்டது. நான் போகவில்லை.

இதுவரை உள்ளதை எழுதி, அச்சுக்குப் போக முன் றெஜினாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி வருவது அதன் பிறகு எழுதியது. அவள் நின்றபடியே வாசித்தாள். முடித்துவிட்டுத் திரும்பவும் முதல் தாளிலிருந்து வாசித்தாள். என்னை இருக்கச் சொல்லவில்லை.

"அம்மா செத்த பிறகு எங்கட வீட்ட எத்தனை தரம் சாப்பிட்டிருப்பியள் மாமா?"

"தெரியாது பிள்ளை. கன தரம்."

"அப்பாதான் சமைச்சவரோ?"

"ஓம்."

அவள் தாள்களை மேசையில் வைத்து ஒழுங்காக அடுக்கினாள். "அஞ்சு வருசம் நான் அந்த மனுசனோட முகம் குடுத்துக் கதைக்கேல்ல. சாகக் கிடக்கேக்கயும் மருந்து குடிச்சாச்சோ எண்டுதான் கேட்டனான். அதுக்கு மேல ஒண்டும் கேக்கேல்ல." நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "இதில ஒரு சொல்லும் வெட்ட மாட்டன். முதல் பக்கத்திலயே போடுறன். எல்லாரும் வாசிக்கட்டும். ஆனா நீங்கள் பூசைக்கும் வராதேங்கோ, சாப்பாட்டுக்கும் வராதேங்கோ."

ஆகவே கோயில் வாசலில் இந்த மலரை வாங்கி இதை நீங்கள் வாசிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். பம்ப் அளப்பதில் திருகோணமலையில் செபஸ்தியான் பாஸின் கைக்கு நிகரான கை இருக்கவில்லை. அது கடைசிவரை பிழைக்கவும் இல்லை. இதை அவருடைய மகளுக்கு எதிரிலே, சத்தமாக, நீங்கள் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். அதைக் கேட்க வேண்டிய காது இனி அவளுடையது மட்டும்தான்.

அவருடையது என்று என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிப்பதுதான் முறை. அவர் என்னிடம் கேட்ட மன்னிப்பு இருக்கிறது. எண்ணெய் நிலத்தில் இருந்துகொண்டு அவர் கேட்டார், நான் நின்றுகொண்டு கொடுத்தேன். அது எனக்குரியதல்ல, திருப்பிக் கொடுக்கவும் ஆளில்லை.